சொல்லச் சொல்லும் அரசு, கேட்கவும் பழக வேண்டும்: தமிழ்நாடு அரசுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமைச் செயலாளர் அவர்களுக்கும், உள்துறை, மக்கள் நல்வாழ்வு, சமூக நலன், பள்ளிக் கல்வி ஆகிய துறைகளின் செயலாளர்களுக்கும்,

எங்கள் மாவட்டத்தில் அண்மையில் நடந்த ஆய்வுக் கூட்டம் ஒன்றில் எடுக்கப்பட்ட முடிவைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க முடியாததால் இந்த மடலை எழுதுகிறேன். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான குழந்தைகளோடு காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் உடன் செல்லும் துணை நபர்களின் எண்ணிக்கையை உயர்த்த வேண்டும், அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவையாவது மாதந்தோறும் தர வேண்டும் என்று வைக்கப்பட்ட கோரிக்கை, நிதி இல்லை என்ற ஒற்றை வரியோடு அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டது. அதே கூட்டத்தில், விழிப்புணர்வு வாரத்துக்கான பேரணி, பதாகை, துண்டறிக்கை, மேடை, ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு ஒரு கேள்வியும் எழாமல் ஒப்புதல் கிடைத்தது. பதாகையில் எழுத வேண்டிய வாசகத்தையும் அங்கேயே முடிவு செய்தார்கள்: ‘அஞ்சாதே, சொல்.’

வாசகம் சரியானது. பள்ளியில் பாடம் நடத்திய காலத்தில் நானும் பிள்ளைகளிடம் அதையேதான் சொன்னேன், இன்றும் சொல்லுவேன். ஆனால் ஒரு பெண் அச்சத்தை விட்டுவிட்டுச் சொல்ல வந்து நிற்கும் இடத்தில், அதைக் கேட்க வேண்டியவருக்கு எப்படிக் கேட்பது என்று யாரும் கற்பித்திருக்கவில்லை. சொன்னதால் அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவளுடைய தெருவும் வகுப்பும் பணியிடமும் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. பார்த்தவர்களில் அடுத்துப் பாதிக்கப்படும் பெண் வாயைத் திறப்பதில்லை. அரசு அச்சடிக்கும் எந்தத் துண்டறிக்கையைவிடவும் வேகமாக ஊருக்குள் பரவும் செய்தி அது.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். குழந்தைகள் நலக் குழுவின் பட்டியலில் துணை நபராக இருந்து, எங்கள் மாவட்டத்தின் ஸ்டேஷன்களிலும் ஜி.எச்.சிலும் நீதிமன்ற வராந்தாக்களிலும் பாதிக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். பெரியவர்களான பெண்கள் தேடி வரும்போது, எந்தப் பட்டியலும் இல்லாமல் அவர்களோடும் போயிருக்கிறேன். கீழே சொல்பவற்றில் யாருடைய அடையாளமும் வெளிப்படக் கூடாது என்பதற்காக ஊரையும் வயதையும் தொழிலையும் மாற்றியிருக்கிறேன். நடந்ததில் எதையும் கூட்டவில்லை.

விழிப்புணர்வு என்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க வந்த 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 43ஆவது பிரிவு இருக்கிறது. அதன் முதல் பகுதி, சட்டத்தின் விதிகளைத் தொலைக்காட்சி, வானொலி, அச்சு ஊடகங்கள் வழியாக மக்களுக்கும் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் மத்திய, மாநில அரசுகள் தொடர்ந்து எடுத்துச்செல்ல வேண்டும் என்கிறது. இரண்டாம் பகுதி, காவல்துறையினர் உள்ளிட்ட அரசு அலுவலர்களுக்கு இந்தச் சட்டத்தைச் செயல்படுத்துவது குறித்துக் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் பயிற்சி அளிக்க வேண்டும் என்கிறது. இரண்டையும் ஒரே பிரிவில் வைத்தவர்கள், ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காது என்று அறிந்துதான் வைத்திருக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் முதல் பகுதி ஆண்டுதோறும் விழாவாக நடக்கிறது. இரண்டாம் பகுதி, மண்டபத்தில் நடக்கும் அரை நாள் கூட்டமாகவும், அங்கே வாங்கப்படும் வருகைப் பதிவுக் கையெழுத்தாகவும் சுருங்கிவிட்டது.

நூற்பாலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வேலை முடிந்து திரும்பும் வழியில், தினமும் பார்த்துப் பழகிய ஒருவனால் அவள் வன்கொடுமைக்கு ஆளானாள். அன்றிரவே தாயுடன் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனாள். “இது மகளிர் ஸ்டேஷன் கேஸ், அங்க போங்க” என்றார்கள். மகளிர் காவல் நிலையம் அடுத்த ஊரில் இருந்தது. கடைசிப் பேருந்து போய்விட்டது. தாயும் மகளும் விடியும்வரை பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் அங்கே போனபோது, சம்பவம் நடந்த இடம் தங்கள் எல்லைக்குள் வராது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் முதல் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். அங்கிருந்த ரைட்டர், தகராறு என்று எழுதிக் கொடுத்தால் சி.எஸ்.ஆர்., அதாவது மனு பெற்றதற்கான ரசீது மட்டும், போட்டுத் தருவதாகச் சொன்னார். “எஃப்.ஐ.ஆர். போட்டா பொண்ணு பேரு கெட்டுப்போயிரும், யோசிச்சுக்கங்கம்மா” என்று அந்தத் தாயிடம் சொன்ன அவர், கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக நான் நினைக்கவில்லை. அக்கறையோடு பேசுவதாகவே அவர் நம்பியிருப்பார். எனக்கு அதிகக் கவலை தருவது அந்த நம்பிக்கைதான், ஏனென்றால் அதைத் தண்டனையால் மாற்ற முடியாது. பயிற்சியால்தான் மாற்ற முடியும்.

அந்த இரவில் அவளுக்கு எத்தனை உரிமைகள் இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் முதலில் போகும் காவல் நிலையமே புகாரைப் பதிவு செய்ய வேண்டும். பாலியல் குற்றம் என்றால் பெண் காவலர் ஒருவர் பதிவு செய்ய வேண்டும். அவளுடைய வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். புகார் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இத்தகைய புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டுவரை கடுங்காவல் என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 199ஆவது பிரிவு சொல்கிறது. 2013இலேயே பழைய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதி அது. இவற்றில் ஒன்றுகூட அந்தத் தாய்க்குத் தெரியாது. அது அவள் பிழை ஆகாது. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் தெரிந்திருக்க வேண்டியவர்கள். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்த மாநிலம் இது. பெண்கள் தயங்காமல் வருவதற்காகத் தொடங்கப்பட்ட ஏற்பாட்டையே, பிற நிலையங்கள் புகாரைத் தட்டிக்கழிக்கக் காரணமாகக் காட்டுவதை நீங்கள் அனுமதிக்கக் கூடாது.

தாமதத்தின் விலை வழக்கில் மட்டும் தெரிவதில்லை, அவள் உடலிலும் தெரியும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் கொடுக்கப்படுகிறதோ அவ்வளவு பயன் தரும். உடலிலும் உடையிலும் இருக்கும் தடயங்கள் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். நூற்பாலைப் பெண் ஜி.எச்.சுக்கு வந்து சேர்ந்தபோது அந்தக் காலத்தின் பெரும்பகுதி ஸ்டேஷன் வாசல்களில் கழிந்துவிட்டது. அங்கேயும் முதல் கேள்வி, “போலீஸ் மெமோ இருக்கா?” என்பதுதான். மெமோ இல்லாமலேயே எந்த மருத்துவமனையும், அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, உடனடியாகவும் இலவசமாகவும் சிகிச்சை தர வேண்டும்; தர மறுப்பது குற்றம். இது டூட்டியில் இருந்த மருத்துவருக்குத் தெரியாது என்பதை அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன். சட்டத்தின் நகலைக் காட்டியதும் அவர் மறுக்காமல் எழுந்து வந்தார். நகலோடு யாரும் உடன் வராத பெண்களை நினைத்துக்கொண்டுதான் நான் அன்று வீடு திரும்பினேன்.

பரிசோதனைக்காக அவளைப் பிரசவ வார்டின் வெளியே, கர்ப்பிணிகளும் அவர்களுடைய உறவினர்களும் நிற்கும் வரிசையில் உட்கார வைத்தார்கள். மகளிர் மருத்துவர் அந்த வார்டில் இருப்பார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. எதற்காக வந்திருக்கிறாள் என்று பக்கத்தில் இருந்த பெண்மணி கேட்டார். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு தனி அறை, ஒரு கதவு, உள்ளே தாழ்ப்பாள்: ஒரு மருத்துவமனையால் இதைக்கூடச் செய்ய முடியாதா? பெண்ணின் உடலுக்குள் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் சோதனையை 2013இலேயே உச்ச நீதிமன்றம் அவளுடைய அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுவது என்றது. 2014இல் மத்திய நலவாழ்வு அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் அதைச் செய்யக் கூடாது என்றன. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தடை செய்யுமாறு இதே மாநில அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று, இனி இந்தச் சோதனையைச் செய்பவர் தவறான நடத்தைக்காகக் குற்றவாளி ஆவார் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஒரே செய்தியை நீதிமன்றங்கள் இத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது என்பதே, தீர்ப்புக்கும் வார்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. மருத்துவ அறிக்கைப் படிவத்தில், ‘பழக்கப்பட்டவர்’ என்ற பொருள்பட ஒரு வரியை இன்னமும் சிலர் எழுதுகிறார்கள். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையைத் தொடங்குகிறார்.

அடையாளம் குறித்து அரசு தன்னையே பார்த்துக்கொள்ள வேண்டிய கடமை இருக்கிறது. 1979இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் இந்தியாவின் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். காவல் நிலையத்துக்குள் வன்கொடுமைக்கு ஆளான பழங்குடிச் சிறுமியின் வழக்கில் காவலர்களை விடுவித்த தீர்ப்பைக் கேள்வி கேட்ட மடல் அது. அதைத் தொடர்ந்து எழுந்த இயக்கத்தின் விளைவாக 1983இல் வந்த சட்டத் திருத்தத்தில்தான், பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றமானது. இப்போது அது நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு. அந்தக் குற்றத்தைச் செய்தவர்கள் யார்? 2019இல் பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைச் செய்தியாளர்கள் முன்னால் சொன்னவர் காவல்துறையின் உயர் அலுவலர்; வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றுவதற்கான அரசாணையிலும் அந்தப் பெண்ணின் விவரம் இருந்தது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர மதுரைக் கிளை உத்தரவிட்டது. பாடம் கற்கப்பட்டதா? 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த வன்கொடுமையில், மாணவியின் விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். இணையத்தில் வெளியானது. அது எழுதப்பட்டிருந்த விதமே பாதிக்கப்பட்டவரைக் குற்றம் சொல்வதாக இருக்கிறது என்று உயர் நீதிமன்றம் கண்டித்தது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட குழுவிடம் விசாரணையை ஒப்படைத்து, மறுபடியும் 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. தலைநகரத்தில், நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்கில் இது நடந்தது. எங்கள் ஊர் ஸ்டேஷனில், யாரும் பார்க்காத வழக்கில், பெண்ணின் பெயர் டீக்கடைவரை போவதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். அதற்கு இழப்பீடு கேட்டு யாரும் உயர் நீதிமன்றம் போவதில்லை.

பிள்ளைகள் தங்கள் புகாரை எழுதிப் போடுவதற்காகப் பள்ளிகளில் நீங்கள் வைத்திருக்கும் ‘மாணவர் மனசு’ பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல திட்டம் அது. 14417, 1098 ஆகிய உதவி எண்களைப் பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் எழுதி வைத்ததும் நல்லது. ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் சித்தப்பாவைப் பற்றி நான்கு வரி எழுதி அந்தப் பெட்டியில் போட்டாள். பெட்டியைத் திறந்தவர்கள் தாளை ஆசிரியர் அறையில் படித்தார்கள். கையெழுத்தை அடையாளம் கண்டார்கள். உடனே செய்ய வேண்டியது 1098க்கோ காவல்துறைக்கோ தெரிவிப்பது. போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி அது அவர்கள் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று, கட்டாயம். அவர்கள் செய்தது, குடும்பத்தைப் பள்ளிக்கு வரச்சொன்னது. குடும்பத்தின் சார்பில் வந்தவர் அந்தச் சித்தப்பாதான். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. பல வாரங்கள் கழித்து, ஒரு சத்துணவு அமைப்பாளர் துணிந்து தொலைபேசியில் அழைத்த பிறகுதான் அவளைச் சந்திக்க முடிந்தது. ‘எழுதினா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்களே’ என்று அவள் என்னிடம் கேட்டாள். பெட்டியை வைத்தவர்கள் தர வேண்டிய பதில் அது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

குற்றவாளி யார் என்பதில் நம் பதாகைகள் பிள்ளைகளுக்குச் சொல்லும் படம் தவறானது. இருட்டுச் சந்தில் ஒரு முகமற்ற நிழல், ஓடும் ஒரு சிறுமி: பேரணிகளில் வரும் ஓவியம் பெரும்பாலும் இதுதான். 2022இல் நாட்டில் பதிவான பாலியல் வல்லுறவு வழக்குகள் 31,516 என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். ஆண்டுதோறும் இந்த வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர், பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவராக இருக்கிறார். உறவினர், அண்டை வீட்டார், பணியிடத்தில் மேலே இருப்பவர், திருமணம் செய்துகொள்வதாகச் சொன்னவர். பதிவாகாதவை எவ்வளவு என்பதற்கு ஓர் அறிகுறி, 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வில் இருக்கிறது: உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்த பெண்களில் 14 சதவீதத்தினரே உதவி நாடியிருக்கிறார்கள், 77 சதவீதத்தினர் யாரிடமும் சொல்லவே இல்லை. சொல்லாதவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று எளிதாகச் சொல்லிவிட முடியும். அவர்களோடு பேசிப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அவர்களில் பலர் எல்லாவற்றையும் நன்றாகக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே மௌனமாக இருக்கிறார்கள். வீட்டுக்குச் சோறு போடுபவன் மேல் புகார் கொடுத்தால் அடுத்த மாத வாடகையை யார் கட்டுவது என்ற கேள்விக்கு நம் துண்டறிக்கையில் பதில் இல்லை. சிறுவர்களின் நிலை இன்னும் மோசம்; பையனுக்கு இப்படி நடக்கும் என்பதையே பெற்றோர் நம்ப மறுக்கிறார்கள்.

நீதிமன்றத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதன் பெரும்பகுதி உங்கள் கையில் இல்லை. குழந்தையின் கண்ணில் குற்றம் சாட்டப்பட்டவர் படாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், ஓராண்டுக்குள் இயன்றவரை விசாரணையை முடிக்க வேண்டும் என்று போக்சோ சட்டம் சொல்கிறது. வாய்தாவுக்கு வரும் ஒவ்வொரு முறையும் குழந்தையும் எதிரியின் குடும்பமும் ஒரே வராந்தாவில், எதிரெதிர் பெஞ்சில் உட்காருகிறார்கள். சமரசம் பேசப்படுவது அங்கேதான். சாட்சி சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சி உருவாவதும் அங்கேதான். தனிக் காத்திருப்பு அறை கட்டுவது, சாட்சிக்கு வாகனம் அனுப்புவது, அரசு வழக்கறிஞர் விசாரணைக்கு முன்பே அவளைச் சந்தித்துப் பேசுவது ஆகியவை அரசின் கையில் உள்ளவை.

துணை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று நம்மிடமே இருக்கிறது. பொள்ளாச்சி வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருவரும் பிறழவில்லை. நீதிமன்றத்திலாவது அடையாளம் காக்கப்பட்டு, மூடிய அறையில் விசாரணை நடந்து, 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அண்ணா பல்கலைக்கழக வழக்கில், சம்பவம் நடந்த ஆறு மாதத்துக்குள் குறைந்தது 30 ஆண்டுச் சிறை என்ற தீர்ப்பு வந்தது. அரசு இயந்திரம் விரும்பினால் இது முடியும். விரும்பாதபோது என்ன நடக்கும் என்பதற்கு வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரச் சிற்றூருக்குள் நுழைந்தவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகே வழக்கு சி.பி.ஐ.யிடம் போனது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் விசாரணை முடிவதற்குள் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் சொன்னது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் பத்து லட்சம் ரூபாய் தரச் சொன்னது 2023 செப்டம்பர் 29 அன்று. முப்பத்தோராண்டு. அந்தப் பெண்கள் எங்கும் வாக்கு மாறவில்லை. அவர்களோடு ஓர் இயக்கமும் வழக்கறிஞர்களும் ஊரும் நின்றதால் அவர்களால் நிற்க முடிந்தது. எங்கள் மாவட்டத்தில் ஒரு நூற்பாலைப் பெண்ணோடு அவ்வாறு நிற்க, பேருந்துக் கட்டணம்கூடக் கொடுக்கப்படாத ஓரிரு துணை நபர்களைத் தவிர யாரும் இல்லை.

2025 ஜனவரியில் தண்டனைகளைக் கடுமையாக்கும் மசோதாக்களைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் எஃப்.ஐ.ஆரே போடப்படாத வழக்கில் தண்டனை பத்து ஆண்டா பதினான்கு ஆண்டா என்ற கேள்வியே எழாது. நான் உடன் சென்ற பெண்களில் பெரும்பாலோர் முதலில் கேட்டது தண்டனையைப் பற்றியும் அன்று. அவன் திரும்ப வருவானா, வேலை போய்விடுமா, வீட்டில் என்ன சொல்வார்கள், பரிசோதனை வலிக்குமா என்றுதான் கேட்டார்கள்.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் பேச வேண்டும். 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட இழப்பீட்டுத் திட்டத்தின்படி வல்லுறவுக்கு ஆளானவருக்கு நான்கு லட்சம் முதல் ஏழு லட்சம் ரூபாய்வரை உண்டு. இடைக்கால உதவிக்குத் தீர்ப்புவரை காத்திருக்க வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர். நகலை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புவது நிலைய அதிகாரியின் கடமை. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தனி நிவாரணமும் உண்டு; அதில் பாதித் தொகை மருத்துவ அறிக்கை வந்தவுடனேயே கிடைக்க வேண்டும். நான் பார்த்த குடும்பங்களில் இந்த நகல் தானாகப் போய்ச் சேர்ந்ததில்லை. நாங்கள் மனு எழுதி, அலுவலகம் அலுவலகமாக நடந்த பிறகுதான் போனது. வேலையை விட்டு, வீட்டை மாற்றி, சிகிச்சைக்கு அலையும் மாதங்களில் தேவைப்படும் பணம், எல்லாம் முடிந்த பிறகு வருகிறது. அந்த இடைவெளியில்தான் எதிர்த்தரப்பின் பணம் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது.

ஆகவே நான் கேட்பவை இவை. துணை நபர்களுக்கான கோரிக்கையை ஒத்திவைத்த எங்கள் மாவட்டத்தின் முடிவையும், அதுபோல் வேறெங்கும் எடுக்கப்பட்டிருக்கும் முடிவுகளையும் திரும்பப் பெறச் செய்யுங்கள். பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்குத் துணை நபர் கிடைப்பதை மாநிலங்கள் உறுதி செய்ய வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் பயிற்சி பெற்ற துணை நபர்கள் இருக்கவும், அவர்களுக்கான தொகை அந்தந்த மாதமே கிடைக்கவும் அரசாணை வெளியிடுங்கள். பதினெட்டு வயதைக் கடந்த பெண்களுக்கும் இதே ஏற்பாட்டை, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வழியாகச் செய்யுங்கள். அந்த மையங்கள் மாவட்டத் தலைநகரில் ஒரு கட்டடமாக மட்டும் இராமல், இரவில் அழைத்தால் வாகனத்தோடு வரும் நிலையில் இருக்க வேண்டும்.

விழிப்புணர்வுக்கு ஒதுக்கும் நிதியில் குறைந்தது பாதியை, புகாரைக் கேட்பவர்களின் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். ஸ்டேஷன் ரைட்டர், டூட்டி டாக்டர், செவிலியர், தலைமை ஆசிரியர், விடுதிக் காப்பாளர், மில் மேலாளர் ஆகியோர் அந்தப் பயிற்சிக்கு வர வேண்டும். மேலதிகாரிகள் மட்டும் வந்து மாலை வாங்கிச் செல்லும் கூட்டமாக அது இருக்கக் கூடாது. புகாரைப் பதிவு செய்ய மறுத்தது குறித்து வந்த முறையீடுகள் எத்தனை, அவற்றில் 199ஆவது பிரிவின் கீழ் நடவடிக்கை எடுக்கப்பட்டவை எத்தனை என்பதை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். எஃப்.ஐ.ஆர். அல்லது அடையாளம் வெளியானால், அந்த ஆவணத்துக்குப் பொறுப்பானவர் யார் என்பது பதிவேட்டில் பெயரோடு இருக்க வேண்டும். இழப்பீட்டை மக்கள் வரிப்பணத்திலிருந்து கொடுத்துவிட்டு அவரை இடமாற்றம் செய்வதோடு நிறுத்தாதீர்கள்.

அரசு மருத்துவமனைகளில், வட்ட மருத்துவமனைவரை, தனி அறையும், தடயம் சேகரிக்கும் பொருள்களும், 72 மணி நேர மருந்துகளும் எந்நேரமும் இருக்க வேண்டும். மெமோ கேட்காமல் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்ற உத்தரவு அவசரப் பிரிவின் சுவரில் தமிழில் தெரிய வேண்டும். மருத்துவ அறிக்கைப் படிவத்திலிருந்து பெண்ணின் கடந்தகாலத்தைப் பற்றிய வரிகளை நீக்கி, புதிய படிவத்தை எல்லா இடங்களுக்கும் அனுப்புங்கள். ‘மாணவர் மனசு’ பெட்டியைத் திறப்பவர் அந்தப் பள்ளிக்கு வெளியிலிருந்து, குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வர வேண்டும். அதில் இருக்கும் தாளைப் பற்றிக் குடும்பத்துக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை அந்த அலகுதான் முடிவு செய்ய வேண்டும். இடைக்கால இழப்பீட்டுக்குக் காலக்கெடு ஒன்றை நிர்ணயித்து, கெடு தவறினால் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேளுங்கள்.

அடுத்த மாவட்ட ஆய்வுக் கூட்டங்களில் துணை நபர்களையும், தாங்களாகவே வர விரும்பும் மீண்டெழுந்த பெண்களையும் பேச அழையுங்கள். அவர்கள் பேசும்போது புகைப்படம் எடுக்க வேண்டாம், மேடை போட வேண்டாம், பெயர் எழுத வேண்டாம். அவர்கள் சொல்வதைக் குறிப்பெடுத்து, எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் அவர்களுக்கே எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை, துணை நபர்